தோற்கிறவனின் செலவுக் கணக்கு

கூடுவாஞ்சேரியிலிருந்து மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள், 1990 முதல் பந்தயம் நடக்கிறது. போகிற வழியெல்லாம் கார்த் தொழில்தான். ஒரகடத்தில் ரெனோ, தடத்துக்குப் பக்கத்திலேயே ஹூண்டாய். இந்தப் பக்கம் மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு. விடிகாலையில் கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற இளைஞர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு காரின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்கிறவர்கள். இத்தனை பேர் கார் செய்கிற வட்டாரத்தில், அதே காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கான கார்ப் பந்தயத்துக்கு விதி எழுதுகிறவருக்கு இரண்டு கடமைகள். செலவு குறைய வேண்டும். பந்தயம் நியாயமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். எல்லாக் கார்களும் சமம் என்று உறுதிசெய்ய வேண்டுமானால் என்ஜினுக்கு முத்திரை வைக்க வேண்டும், சக்தியை அளக்க டைனோ வேண்டும், பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும், எல்லாம் காசு. கையில் இருக்கிற பழைய காரைக் கொண்டுவா என்று கதவைத் திறந்துவிட்டால் செலவு குறையும், ஆனால் பக்கத்து வரிசையில் நிற்கிற கார் உங்களுடையதைவிட இருபது குதிரைசக்தி கூடுதலாக இருக்கும்.

நம் தென் மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயக்காரர்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுகிறார்கள். சிறிய மாட்டைப் பெரிய மாட்டோடு மோதவிடுவதில்லை. ஆனால் ஒரு ஜோடிக்கு என்ன விலை கொடுக்கலாம், என்ன தீனி போடலாம் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை. பிரிவு பிரிப்பது நியாயத்துக்கு உதவும், செலவை அது தொடுவதே இல்லை. கார்ப் பந்தயமும் இதே இடத்தில்தான் பல காலம் நின்றது.

இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கப்பட்ட அதே கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குச் சென்னையே திரண்டு போனது. விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோண்டல் மகாராஜாவும் வெளிநாட்டுப் பந்தயக் காரோடு வந்தார். உள்ளூர் மெக்கானிக்குகள் ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் குடைந்து தயார்செய்து கொண்டுவந்தார்கள். பிரிவுகள் தனித்தனிதான். என்றாலும் மக்கள் பார்க்க வந்தது எதை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இறக்குமதி வரி கட்டக்கூடியவருக்கே முதல் வரிசை.

இதை மாற்றியவர் கோவைக்காரர் எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர், பணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக்கினார். ஃபார்முலா மாருதி என்று அது பேர் வாங்கியது. அந்த என்ஜினின் சக்தி நாற்பது குதிரைசக்தியைத் தொடாது. ஆனால் அந்தக் காலத்தில் அந்த என்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்காத ஊர் இல்லை. புதுப்பேட்டைக்குப் போனால் முழு என்ஜினையே தூக்கிக்கொண்டு வரலாம். சட்டம் வளைந்தால் கோவையில் எந்தப் பட்டறையிலும் நிமிர்த்திவிடலாம். பந்தயக் காரின் விலையைவிட அது அடிபட்ட மறுநாள் ஆகிற செலவுதான் புதியவரை விரட்டும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார் என்று அந்தக் காரின் அமைப்பே சொல்கிறது.

நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில். கருண் சந்தோக் 2000-ல் அதே காரில் தேசியப் பட்டம் வென்றார். 2005-ல் ஒருவர், 2010-ல் இன்னொருவர் என ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டே பேர். இருவரும் மாருதி என்ஜினில் தொடங்கியவர்கள். நடிகர் அஜித் குமார் 2002-ல் ஓட்டியதும் இந்தப் பிரிவில்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நரேன், கருண் இருவரின் தந்தையரும் ராலி ஓட்டியவர்கள். ஏணியின் முதல் படி தாழ்ந்தது, தரையைத் தொடவில்லை. கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் ஒரு தடம் வந்தது. அவர் காட்டிய வழியில் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில் வந்த ஃபார்முலா கார்கள், 1,300 சி.சி. சுசுகி என்ஜினோடு, இன்றும் ஓடுகின்றன.

ஒரே என்ஜின், ஒரே சட்டம், ஒரே டயர். இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

1967-ல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியபோது, கார் ஆயிரம் பவுண்டுக்கு மேல் விற்கக் கூடாது என்று விதி போட்டார்கள். என்ஜின் கார்ட்டினா காரிலிருந்து வந்தது. உலகம் முழுக்கப் பரவிய வெற்றி அது. அந்த விலை வரம்பு மட்டும் நிலைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்றதும், அந்த ஒரே என்ஜினை அடுத்தவரைவிடக் கொஞ்சம் நன்றாகக் கட்டித் தருவதே தனித் தொழிலாகிவிட்டது. அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டா கார்களுக்கென்று உண்டான மலிவுப் பிரிவிலும் இதே கதை. 2014-ல் அந்நாட்டு அமெச்சூர் தேசியப் போட்டியின் இறுதிப் பந்தயம் முடிந்ததும் முன்னால் வந்தவர்களின் என்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். காற்று போகும் வழியில் விதிக்குப் புறம்பாகக் குடைந்திருப்பதாகச் சொல்லி ஒருவர் பின் ஒருவராகத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதன் பிறகு ஹெட் பற்றிய விதியையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

நம் சுசுகி என்ஜினையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் 74 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,298 சி.சி. தேய்ந்த சிலிண்டரைத் தூக்கி எறியாமல் ரீபோர் செய்து அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம் என்று இரக்கப்பட்டு ஒரு விதி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய என்ஜினை வைத்திருப்பவருக்குச் செலவு மிச்சம், நல்ல எண்ணம்தான். 74.5 மில்லிமீட்டரில் என்ஜின் 1,316 சி.சி. ஆகிவிடும். ஒரு சதவீதத்துக்கும் சற்று மேல். தெருவில் யாருக்கும் தெரியாது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்கிற பந்தயத்தில் தெரியும். அடுத்த பருவத்தில் புத்தம் புதிய என்ஜின் வைத்திருப்பவரும் அதை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்வார். செலவைக் குறைக்க வந்த சலுகை, எல்லோருக்கும் ஒரு கட்டாயச் செலவாகிவிடும். சலுகை எழுதுகிறவர், இதைத் தேவையில்லாதவரும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதி விதிகள் எழுதப்படாமலே போயிருக்கும்.

ஒரு பொருளைத் தடைசெய்வது ஒரு வகை. அதற்குச் செலவழித்தாலும் பயனில்லாமல் ஆக்குவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கெட்டிக்கார விதி. அதற்கு நல்ல உதாரணம் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே இருக்கிறது. பொத்தேரியில் இறங்கினால் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளுக்காகத் தாங்களே கார் கட்டுகிறார்கள். கோவை கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் இந்த வகைப் போட்டிதான். அதன் பெட்ரோல் பிரிவு விதியில், என்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். லேத்தில் கடைந்தெடுக்கக்கூடிய ஒரு சிறு உருளை, அவ்வளவுதான். காற்று அந்தத் துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக வராது. கணக்குப்படி நொடிக்கு ஏறத்தாழ 74 கிராம் காற்று, அதுதான் உச்சம். 600 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் கேட்பது 70 கிராம் அளவு. அதற்கு மேல் சுற்றவிட ஆசைப்பட்டால் மூச்சு அடைக்கும். இந்திய அணிகள் பலவும் விரும்பி எடுக்கிற கே.டி.எம். 390-ன் 373 சி.சி. ஒற்றை சிலிண்டருக்கு 9,500 சுற்றில் 35 கிராமே போதும். அதற்குத் துளை அவ்வளவாக உறைக்காது. பெரிய என்ஜினுக்குப் பணம் கொட்டுகிறவரைத்தான் துளை கட்டிப்போடுகிறது. சோதிப்பதும் சுலபம். அளவுக்கம்பியை விட்டுப் பார்க்கலாம். ஐயம் வந்தால் ஓடும் என்ஜினின் காற்று வழியைக் கையால் அடைத்துப் பார்க்கலாம், வேறு எங்கும் ஓட்டை இல்லையென்றால் என்ஜின் நின்றுவிடும்.

அதே போட்டியில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. மொத்தம் ஆயிரம் மதிப்பெண்ணில் நூறு, காரின் செலவுக் கணக்குக்கும் அதை உற்பத்தி செய்யும் முறைக்கும். போல்ட் முதற்கொண்டு எழுதிக் காட்ட வேண்டும். வேகமாக ஓட்டத் தெரிந்தவன் கணக்கு எழுதத் தெரியாமல் பின்தங்கலாம். பெரியவர்களின் பந்தயத்திலும் இப்படி ஒன்று இருந்தால் பல அணிகளின் முகம் வெளுக்கும்.

எடை இன்னொன்று. 450 கிலோ காரில் 55 கிலோ ஆளும் 80 கிலோ ஆளும் உட்கார்ந்தால் மொத்த எடையில் 5 சதவீத வித்தியாசம். ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று விதி போட்டு, ஒல்லியானவர் காரின் தரையில் ஈயக்கட்டியைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு மலிவாக வேறு எந்த நியாயமும் கிடைக்காது.

ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் ஃபோக்ரேஸ் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. பந்தயம் முடிந்ததும் உங்கள் காரை, முன்கூட்டியே நிர்ணயித்த சொற்ப விலைக்கு, போட்டியிட்ட யாரும் கேட்கலாம். பலர் கேட்டால் குலுக்கல். விற்க மறுத்தால் உரிமம் போய்விடும். சோதனையும் வேண்டாம் முத்திரையும் வேண்டாம். கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டிய காரில் யார் லட்சங்களைக் கொட்டுவார்கள்? அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் பந்தயத்தில் கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும். அதைவிட மதிப்புள்ளது என்று நடுவர்களுக்குத் தோன்றினால் சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். படிக்கும்போது இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன. ஃபோக்ரேஸ் விதியை அப்படியே இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுவந்தால் செல்லாது என்பது என் எண்ணம். இங்கே பந்தய உலகம் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அடுத்த வாரம் யாரிடம் கியர்பாக்ஸ் கடன் கேட்க வேண்டியிருக்குமோ அவருடைய காரைப் பறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. முகத்தாட்சண்யம் விதியைத் தின்றுவிடும்.

அதைவிட அடிப்படையான வேறுபாடும் உண்டு. அமெரிக்க அமெச்சூர் தன் வீட்டு கராஜில் தன் காரை வைத்திருக்கிறார். இங்கே ஃபார்முலா பிரிவுகளில் ஓட்ட வருகிற புதியவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் கார் கிடையாது. அணி வைத்திருக்கும் காருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஓட்டுகிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். கூடுவாஞ்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவர் பந்தயக் காரை எங்கே நிறுத்துவார்? ஆனால் நியாயம் பற்றிய கேள்வி இதனால் இடம் மாறிவிடுகிறது. ஒரே கொட்டகையில் நிற்கிற ஐந்து கார்களில் நல்ல கார் யாருக்கு? பட்டத்துக்கு வாய்ப்புள்ளவருக்கா, கூடுதலாகக் கட்டியவருக்கா, நேற்று வந்தவருக்கா? எந்த விதிப்புத்தகமும் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

கார் நிறுவனங்களே நேரடியாக நடத்திய போட்டிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன. 2010-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பையிலும், பின்னர் வந்த டொயோட்டா எடியோஸ் பந்தயத்திலும் கார்கள் அனைத்தையும் நிறுவனமே வைத்துப் பராமரித்தது. ஓட்டுநர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். சமமான கார் என்ற வகையில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இங்கே வந்ததில்லை. ஆனால் அந்தச் சமத்துவம் விளம்பரச் செலவில் வந்தது. நிறுவனத்துக்கு விருப்பம் தீர்ந்தால் பந்தயமும் தீர்ந்துவிடும்.

காலமும் ஒரு செலவு. மாருதி 800 உற்பத்தி 2014-ல் நின்றது. 1,300 சி.சி. என்ஜின் வந்த எஸ்டீமும் பழைய ஸ்விஃப்டும் சாலையிலிருந்தே மறைந்துகொண்டிருக்கின்றன. எங்கும் கிடைக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த என்ஜின், இருபது ஆண்டில் தேடி அலைய வேண்டிய என்ஜினாகிவிடுகிறது. அப்போது விதியின் தயவில் லாபம் அடைபவர், கொட்டகையில் நான்கு உபரி என்ஜின் அடுக்கி வைத்திருக்கும் பழைய அணி. மலிவு விதிக்கும் காலாவதித் தேதி உண்டு; அதை விதியிலேயே எழுதிவைப்பதில்லை.

2014-ல் உலகக் கார்ப் பந்தயக் கூட்டமைப்பு ஃபார்முலா 4 என்ற பிரிவைக் கொண்டுவந்தபோது காருக்கும் என்ஜினுக்கும் விலை வரம்பு போட்டது. ஐரோப்பாவில் அதே பிரிவில் ஒரு பருவம் ஓட்ட இன்று லட்சக்கணக்கான யூரோ ஆகிறது. கார் விலை ஏறியதால் மட்டும் இப்படி ஆகவில்லை. பயிற்சி நாட்கள், டயர்கள், பொறியாளர்கள், சிமுலேட்டர் என்று பணம் வேறு வழி பார்த்துக்கொண்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய கார்களில் ஃபார்முலா 4-ம் உண்டு. ஊரே வேடிக்கை பார்த்தது, நல்லதுதான். கம்பெனி பஸ்ஸில் போகிற பையனுக்கான வாசல் அது இல்லை.

எனவே பாகங்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைவிட, ஒரு பந்தய வார இறுதிக்கு எத்தனை டயர், பருவத்துக்கு எத்தனை பயிற்சி நாள் என்று கட்டிப்போடுவதே முதல் வேலை. பணக்காரர் பந்தயம் இல்லாத நாளிலும் தடத்தை வாடகைக்கு எடுத்து நூறு சுற்று ஓட்டிப் பழகிவிட்டால், முத்திரை வைத்த என்ஜின் என்ன செய்யும்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. லெமன்ஸ் பந்தயக்காரர்கள் அந்த 500 டாலருக்குள் பாதுகாப்புச் சாதனங்களைச் சேர்ப்பதில்லை. ரோல் கேஜ், பிரேக், இருக்கை வார் எல்லாம் கணக்குக்கு வெளியே. சர்வதேசத் தரச் சான்று பெற்ற இருக்கை வார் ஐந்தாண்டில் காலாவதி ஆகிவிடும். பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும், மாற்றத்தான் வேண்டும். புதியவருக்கு இந்தச் செலவு பெரிய சுமை. விதியைத் தளர்த்தி அந்தச் சுமையைக் குறைப்பது தவறு. கிளப்பே வாங்கிவைத்து வாடகைக்குக் கொடுப்பது சரி.

இவ்வளவையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. தொடக்க நிலைப் பந்தயத்தில் கார்கள் நூற்றுக்கு நூறு சமமாக இருக்க வேண்டியதில்லை. வித்தியாசத்தைப் பணத்தால் வாங்க முடியாதிருந்தால் போதும். அதற்கு வழிகள் உண்டு. வாடகைக் கார் பிரிவுகளில், அணிக்குள்ளாவது, ஒவ்வொரு பந்தய வார இறுதியிலும் யாருக்கு எந்தக் கார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். பூவா தலையா போட்டு கிரிக்கெட் ஆடுகிற நாட்டில் இதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஒரு தன்னார்வலர் வெர்னியரும் தராசும் வைத்துக்கொண்டு சோதிக்க முடியாத எதையும் விதியாக எழுதாமல் இருக்கலாம். சோதிக்க முடியாத விதி நேர்மையானவரைத்தான் தண்டிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கணக்கு தேவை. வென்றவரின் நேரம் மில்லி நொடி வரை அச்சாகிறது. கடைசியாக வந்தவர் அந்தப் பருவத்துக்கு எவ்வளவு செலவழித்தார் என்பதை யாரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு அவர் திரும்பி வருவாரா என்பதை முடிவு செய்வது அந்தத் தொகைதான். தேசியக் கூட்டமைப்பின் அலுவலகமும் சென்னையில்தான் இருக்கிறது, மெட்ராஸ் கிளப்பும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கான விதிகளை எழுத உட்காரும் முன், கடைசி ஐந்து இடங்களில் வந்தவர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய ரசீதுகளை வாங்கிப் பாருங்கள்.